ஜப்பான்ல யாரும் நம்மகிட்ட நேரா சொல்ல மாட்டாங்க: அம்மாவோட போய்ட்டு வந்த அனுபவம்

ஜப்பான் போறவங்களுக்கு எல்லாரும் சொல்றது ஒரே மாதிரிதான் இருக்கும், செருப்பைக் கழட்டு, குனிஞ்சு வணக்கம் சொல்லு, டிப்ஸ் குடுக்காத. இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டுதான் நாங்களும் கிளம்புனோம். தம்பி தோக்கியோவுல நிஷிகசாய் பக்கம் இருக்கான், ஐடி வேலை. அந்த ஏரியாவுல இந்தியக் குடும்பங்க நெறைய, 2000 வாக்குல கம்ப்யூட்டர் வேலைக்குன்னு வந்தவங்க அங்கயே தங்கி தங்கி இப்ப மளிகைக்கடை, இட்லி மாவு வரைக்கும் கெடைக்குது. அதனால வீட்டுக்குள்ள எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. வெளிய போகும்போதுதான் ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு இடத்துல நாங்க ஒண்ணு நெனைக்க அவங்க ஒண்ணு நெனைக்கன்னு ஆயிடும். இதுல ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், ஏன்னா மத்தது எல்லாத்துக்கும் அடியில இதுதான் இருக்கு. நாம ஏதாவது அவங்க வழக்கத்துக்கு மாறா செஞ்சா அங்க யாரும் சத்தம் போட மாட்டாங்க, திருத்த மாட்டாங்க, முகம்கூட மாறாது, நம்ம மனசு சங்கடப்படக்கூடாதுன்னு அவங்க பேசாம இருந்துடுவாங்க. நாமளோ நம்ம ஊரு கணக்கை வெச்சு அந்த மௌனத்துக்கும் சைகைக்கும் ஒரு அர்த்தம் எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்து வருத்தப்படுவோம். ரெண்டு பக்கமும் நல்ல மனசோட இருந்துட்டு ரெண்டு பக்கமும் காயப்படறது இருக்கே, அதைத்தான் என்னால தாங்க முடியல, அதுக்காகத்தான் இதை எழுதறேன்.

முதல்ல அந்த கை விஷயம். தம்பி வீட்டுக்குப் பக்கத்துல ஒரு சின்ன சாப்பாட்டுக் கடை, வயசான அம்மா ஒருத்தங்க நடத்துறாங்க. நானும் அம்மாவும் மட்டும் போனோம். உள்ள போய் இங்கிலீஷ்ல வெஜிடேரியன்னு கேட்டதும் அந்த அம்மா மூக்குக்கு முன்னாடி கையை நெட்டுக்குத்தலா வெச்சு விசிறி மாதிரி படபடன்னு ஆட்டுனாங்க, சிரிச்ச முகமாவே ஆட்டுனாங்க. நம்ம ஊர்ல மூக்குக்கு முன்னாடி அப்படி கையை ஆட்டுனா என்ன அர்த்தம்? வெளிய வந்ததும் அம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "ஏட்டி, நம்ம மேல வாடை அடிக்குன்னா சொல்லுதா அவ? காலைலதான குளிச்சேன், தலைல எண்ணெய்கூட வைக்கலியே"ன்னு கேட்டாங்க. எனக்கும் அப்ப பதில் தெரியல. சாயங்காலம் தம்பி வந்து சொன்னான், அங்க அந்த சைகைக்கு "இல்ல, முடியாது, என்னால ஆகாது"ன்னுதான் அர்த்தம்னு. யாராவது பாராட்டுனாகூட "அய்யோ அப்படில்லாம் இல்லீங்க"ன்னு அதே மாதிரிதான் கையை ஆட்டுவாங்களாம். மீன் இல்லாம எங்ககிட்ட எதுவும் இல்லம்மான்னுதான் அந்தம்மா சொல்லியிருக்காங்க. அதுக்கப்புறம் அம்மா அந்தக் கடை வழியா போகும்போதெல்லாம் நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டுதான் போவாங்க, அந்தம்மாவும் உள்ளருந்து குனிவாங்க.

சைகைல இன்னும் சிலது இருக்கு. ஆள்காட்டி விரலால மூக்கைத் தொட்டுக் காமிச்சா "நானா?"ன்னு அர்த்தம், நாம நெஞ்சுல கை வைப்போம்ல, அது. ரெண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னாடி பெருக்கல் குறி மாதிரி வெச்சா கூடாது, மூடியாச்சு, இல்லைன்னு அர்த்தம், பார்க்கறதுக்கு ரொம்பக் கடுமையா விரட்டுற மாதிரி இருக்கும், ஆனா பாஷை தெரியாதவங்களுக்குத் தெளிவா புரியட்டும்னுதான் அப்படிக் காட்டுறாங்க. வான்னு கூப்பிடுறது மட்டும் நம்மள மாதிரியே உள்ளங்கையைக் கீழ பார்க்க வெச்சுதான், அதுல வெள்ளக்காரங்கதான் போன்னு நெனச்சுத் திரும்பிப் போவாங்க, நமக்குக் கவலை இல்ல.

நம்ம தலையாட்டல் அங்க பெரிய பிரச்சனை. நாம சரின்னு சொல்ல தலையைப் பக்கவாட்டுல லேசா சாய்ச்சு ஆட்டுவோம், யோசிக்காமலே வரும். அவங்க ஊர்ல தலையைச் சாய்ச்சா சந்தேகம், புரியல, யோசிக்கணும்னு அர்த்தம். 2020 ஜூலைலேருந்து கடைல பிளாஸ்டிக் பைக்குக் காசு, அதனால ஒவ்வொரு தடவையும் பை வேணுமான்னு கேப்பாங்க. அம்மா தலையைச் சாய்ச்சு சரின்னு காமிப்பாங்க, அந்தப் பொண்ணு இவங்களுக்குப் புரியலபோலன்னு இன்னும் மெதுவா, இன்னும் மரியாதையா மறுபடி முதல்லேருந்து சொல்லும், அம்மா மறுபடி சாய்ப்பாங்க. பின்னாடி வரிசை நீண்டுக்கிட்டே போகும், ஒருத்தரும் உச்சுக்கொட்ட மாட்டாங்க. அம்மாவுக்குக் கோவம், இத்தனை தடவை சரிங்கறேன் கேட்டதையே கேக்குதே பொண்ணுன்னு. கடைசில நாங்க பழகிக்கிட்டது, தலையை மேலயும் கீழயும் மட்டும் ஆட்டணும், வேணாம்னா கையை ஆட்டிடணும். கேக்க சின்ன விஷயம்தான், ஆனா வயசானவங்களோட போறவங்க பிளைட் ஏறுறதுக்கு முன்னாடியே வீட்ல பழக்கிடுங்க, அறுபது வருஷத்துப் பழக்கம் ஒரு நாள்ல போகாது.

அவங்க தலையாட்டல்லயும் நாம ஏமாறுவோம். நாம பேசிட்டு இருக்கும்போது வரிக்கு வரி ஹாய், ஹாய்னு (அவங்க பாஷைல ஆமான்னு அர்த்தம்) தலையை ஆட்டிக்கிட்டே இருப்பாங்க. நாம ஊம் கொட்டுற மாதிரிதான் அது, கேட்டுக்கிட்டு இருக்கேன்னு மட்டும்தான் அர்த்தம். தம்பி வேலைக்குச் சேர்ந்த புதுசுல ஒரு மீட்டிங்ல எல்லாத்துக்கும் ஹாய் வந்துச்சுன்னு ஒத்துக்கிட்டாங்கன்னே நெனச்சு வேலையை ஆரம்பிச்சுட்டானாம், ரெண்டு வாரம் கழிச்சு ரொம்பப் பணிவா ஒரு மெயில் வந்துச்சாம், இன்னும் யோசிச்சுக்கிட்டு இருக்கோம்னு. அங்க முடியாதுங்கறதை எப்படிக் கண்டுபுடிக்கணும்னா, பல்லு இடுக்குல காத்தை உள்ள இழுத்து ஸ்ஸ்னு ஒரு சத்தம், அப்புறம் "சொத்தோ..."ன்னு, அதாவது "கொஞ்சம்..."னு இழுத்துட்டு வாக்கியத்தை முடிக்காம விட்டுடுவாங்க. அதோட பேச்சு முடிஞ்சுது, நாம வற்புறுத்தவே கூடாது. வற்புறுத்துனா அவங்களுக்கு இல்லைன்னு வாய்விட்டுச் சொல்ல வேண்டிய நெலைமை வந்துடும், அது அவங்களுக்கு ரொம்ப வேதனையான விஷயம். அதனால ஆமாவா இல்லையான்னு கேக்காதீங்க. "எது சௌகரியம், எந்த நேரம் ஆகும்"ன்னு கேட்டீங்கன்னா உண்மையான பதில் வரும்.

சரி, சாப்பாடு. சைவக்காரங்க ஜப்பான் போறதா இருந்தா இந்தப் பகுதியை நிதானமா படிங்க. எங்க அம்மா பொறந்ததுலேருந்து முட்டைகூட சாப்பிடாதவங்க. அங்க போய் கறி வேணாம், மீன் வேணாம்னு சொன்னா அவங்க சந்தோஷமா தலையாட்டி காய்கறியை மட்டும் கொண்டுவந்து வைப்பாங்க, அவங்க மனசறிஞ்சு அது சைவம்தான். ஆனா அந்தக் காய் வெந்த தண்ணி இருக்கே, அதுக்குப் பேரு தாஷி, பெரும்பாலும் கட்சுவோபுஷியும் கொம்புங்கற கடல்பாசியும் போட்டு எடுக்கற சாறு. கட்சுவோபுஷின்னா சூரை மீனை அவிச்சு, புகை போட்டு, கட்டை மாதிரி காயவெச்சு சீவுறது, நம்ம தூத்துக்குடியிலயும் இலங்கையிலயும் மாசிக்கருவாடுன்னு சொல்றோம்ல, கிட்டத்தட்ட அதேதான். மீசோ சூப்புல இது இருக்கும், சோபா நூடுல்ஸ் தொட்டுக்கற சாறுல இருக்கும், இனாரி சூஷின்னு தோஃபு தோல்ல சோறு அடைச்சு விப்பாங்க, அந்தத் தோலை வேகவெக்கறதுலகூட இருக்கும். துண்டு மீன் இல்லைன்னா அவங்களுக்கு மீன் இல்லைன்னுதான் கணக்கு, ரசத்துல புளி இருக்குன்னு நாம தனியா சொல்லுவோமா, அந்த மாதிரி. யாரும் ஏமாத்தல. ஆனா ஒரு கடைல மேல தூவுன மீன் சீவல் சூட்டுல நெளியறதைப் பார்த்த அம்மா அன்னைக்கு முழுக்கத் தண்ணி மட்டும் குடிச்சாங்க, என்கிட்டயும் பேசல, பரிமாறுன பொண்ணு பாவம் என்ன தப்பாச்சுன்னு தெரியாம பத்து தடவை குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுச்சு.

அலர்ஜி பட்டியலைப் பார்த்தா கண்டுபுடிச்சுடலாம்னு சிலர் சொல்றாங்க, அதை நம்பாதீங்க. பாக்கெட்ல கட்டாயமா எழுத வேண்டிய அலர்ஜி பட்டியல்ல இறால், நண்டு, முட்டை, பால், கோதுமை, சோபா, கடலை எல்லாம் வரும், ஆனா சூரை மீன் அதுல கெடையாது. அதனால பின்னாடி இருக்கற மொத்த எழுத்தையும் போன் கேமராவுல மொழிபெயர்த்துப் பார்க்கணும். அரிசி உருண்டை ஒனிகிரில உமேபோஷின்னு ஊறுகாய் வெச்சது இருக்கும், நம்பி எடுக்கலாம்னு தோணும், அதுலகூட சில கம்பெனிக்காரங்க மீன் சாறு சேர்ப்பாங்க, பார்த்துதான் எடுக்கணும். எங்களுக்கு உதவுனது ஒரு சின்ன அட்டை. தம்பி ஜப்பானிய எழுத்துல எழுதி லேமினேட் பண்ணிக் குடுத்தான். வாயால சொல்றதா இருந்தா "நிகு மோ, சகானா மோ தபேமசேன், கட்சுவோ தாஷி மோ தமே தெசு", அதாவது கறியும் மீனும் சாப்பிட மாட்டேன், மீன் சாறும் ஆகாது. தாஷின்னு அந்தப் பேரைச் சொன்ன நிமிஷமே அவங்களுக்கு விஷயம் முழுசா புரிஞ்சுடும், சமையக்கட்டுக்கு ஓடிப்போய் கேட்டுட்டு வந்து உண்மையச் சொல்லுவாங்க. பாதிக் கடைல இல்லைன்னுதான் சொன்னாங்க, ஆனா அந்த இல்லைல அம்மாவுக்கு நிம்மதி இருந்துச்சு.

அம்மா வயிறாரச் சாப்பிட்டது கோயாசான் மலைலதான். கூகாய்னு ஒரு துறவி 816ல ஆரம்பிச்ச இடம், அங்க சுமார் 50 கோயில்கள்ல யாத்திரிகர்கள் தங்கலாம். ஒசாகாவுல நம்பா ஸ்டேஷன்லேருந்து ரயில்ல போய் கடைசில கேபிள் கார்ல ஏறணும். கோயில்ல போடுற சாப்பாட்டுக்கு ஷோஜின் ரியோரின்னு பேரு, கறி மீன் மட்டும் இல்லாம வெங்காயம் பூண்டும் கெடையாது, தாஷிகூட கடல்பாசியிலயும் காளான்லயும்தான். எள்ளை அரைச்சு செய்யற கோமா தோஃபுன்னு ஒண்ணு, அப்படியே வாயில கரையும். இந்த மாதிரி சமையல் அங்க நூத்துக்கணக்கான வருஷமா இருக்குன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அட்டைலயே "ஷோஜின் ரியோரி மாதிரி"ன்னு எழுதியிருப்போம், ஜப்பான்காரங்களுக்கு வெஜிடேரியன்ங்கறதைவிட இது சட்டுன்னு புரியுது. அங்க கல்லறைக்குப் பின்னாடி நட்டு வெச்சிருக்கற நெட்டுப் பலகைல சித்தம் எழுத்து எழுதியிருக்கும், நம்ம பிராமிலேருந்து கிளைச்சு வந்த எழுத்து சீனா வழியா அங்க போயிருக்கு. அதைப் பார்த்துக்கிட்டு நான் ரொம்ப நேரம் நின்னேன்.

காசு விஷயம் சீக்கிரமா சொல்லிடறேன். டிப்ஸ் வெச்சுட்டு வந்தா மறந்துட்டீங்கன்னு தெருவுல ஓடி வந்து குடுப்பாங்க. பணத்தைக் கைல குடுக்காம கல்லால இருக்கற சின்னத் தட்டுல வைக்கணும், அவங்க கையை நீட்டலைன்னா தொடக்கூடாதுன்னு நெனைக்கறாங்களோன்னு நம்ம மனசு எங்கெங்கயோ போகும், நமக்கு அந்த வரலாறு இருக்கு, ஆனா அங்க எல்லாருக்கும் தட்டுதான். இஸகாயான்னு சொல்ற, குடியும் சாப்பாடும் சேர்ந்த கடைல உக்காந்ததும் கேக்காமலே ஒரு சின்னக் கிண்ணம் வரும், பில்லுல தலைக்கு 300லேருந்து 500 யென் வரைக்கும் ஏறியிருக்கும். வெளிநாட்டுக்காரங்கன்னு ஏமாத்துறாங்கன்னு சண்டை போட்ட நம்ம ஆளுங்களைப் பார்த்திருக்கேன். அது ஒதோஷி, இடத்துக்கான காசு மாதிரி, உள்ளூர்க்காரங்களும் குடுக்கறாங்க. வேணாம்னா உக்கார்றதுக்கு முன்னாடி கேட்டுக்கணும், சைவக்காரங்க கண்டிப்பா கேக்கணும், அந்தக் கிண்ணத்துல என்ன வரும்னு சொல்ல முடியாது.

செருப்புல நம்ம ஆளுங்களுக்குக் குழப்பமே வராதுன்னு நெனச்சேன், வந்துச்சு. நம்ம கணக்கு கோயில்னா வாசல்லயே கழட்டணும். அம்மா ஒரு ஷிண்டோ கோயில்ல தோரீ வளைவைப் பார்த்ததும் செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சுட்டு குளிர்ல கூழாங்கல்லு மேல வெறுங்கால்ல நடந்து போனாங்க. அங்க இருந்த ஒரு பெரியவர் பதறிப்போய் அந்தச் செருப்பை ரெண்டு கையாலயும் எடுத்துட்டு ஓடி வந்தார். செருப்பு அறுந்துபோச்சோ, கால்ல அடியோன்னு அவருக்கு, என் செருப்பைப் போயி ஒரு பெரிய மனுஷன் கையால தூக்கிட்டு வர்றாரேன்னு அம்மாவுக்கு உடம்பே கூசிப்போச்சு. அங்க கணக்கு தரை உயரம்தான். தரை ஒரு படி உசந்தா கழட்டணும், மண்ணும் கல்லுமா இருக்கற முற்றத்துல போட்டுக்கலாம். வீட்டுக்குள்ள செருப்பு வெக்கறப்ப மூக்கு வாசலைப் பார்த்து இருக்கட்டும். பாய் போட்ட ரூம்ல வீட்டுச் சிலிப்பர்கூட கூடாது, டாய்லெட்டுக்குன்னு தனி சிலிப்பர் உள்ளயே இருக்கும், அதோடயே ஹாலுக்கு வந்துடாதீங்க.

இப்ப வீட்டுக்குப் போன கதை. தம்பி ஆபீஸ்ல அவனுக்கு மூத்தவர் ஒருத்தர், அம்மா வந்திருக்காங்கன்னு தெரிஞ்சதும் வீட்டுக்குக் கூப்பிட்டார். அங்க வீட்டுக்குக் கூப்பிடறது சாதாரணமா நடக்காது, வெளிய ஹோட்டல்லதான் உபசரிப்பாங்க, அதனால தம்பிக்கு ரொம்பப் பெருமை. ஆபீஸுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி போகணும், வீட்டுக்கு ரெண்டு மூணு நிமிஷம் கழிச்சு மணி அடிக்கறதுதான் மரியாதைன்னு சொல்லிக் கூட்டிட்டுப் போனான், அவங்க தயாராகறதுக்கு நேரம் குடுக்கணுமாம். நாங்க திருநெல்வேலி அல்வா கொண்டுபோயிருந்தோம். அவரோட அம்மா, எண்பது வயசு இருக்கும், ரெண்டு கையாலயும் வாங்கி நெத்தி வரைக்கும் உசத்திட்டு, பிரிக்காம அப்படியே எந்திரிச்சு உள் ரூமுக்குக் கொண்டுபோயிட்டாங்க. சாப்பிட்டுப் பார்க்கச் சொல்லணும்னு ஆசையா உக்காந்திருந்த அம்மாவுக்கு முகம் சுண்டிப்போச்சு. என் காதுல "வேண்டாம்னு வெச்சிட்டாங்க போலுக்கு"ன்னாங்க. அப்புறம் கை கழுவப் போறப்ப அந்த ரூம் கதவு திறந்திருந்துச்சு, உள்ள கறுப்பு மரத்துல ஒரு அலமாரி, நடுவுல புத்தர், பக்கத்துல காலமான தாத்தாவோட போட்டோ, அதுக்கு முன்னாடி எங்க அல்வா பெட்டி. புட்சுதான்னு பேரு, நல்ல பொருள் எது வீட்டுக்கு வந்தாலும் முதல்ல அங்க வெச்சுட்டுதான் சாப்பிடுவாங்களாம். அம்மா அங்கயே கும்பிட்டுட்டு நின்னுட்டாங்க.

அன்னைக்குச் சாப்பாட்டுல நடந்தது அம்மாவை இன்னும் ஆழமா தொட்டுது. சோத்துக் கிண்ணம் குடுத்தாங்க, அம்மா கொஞ்ச நேரம் குச்சியை வெச்சுப் பார்த்துட்டு ஸ்பூன் எடுக்கறதுக்காக குச்சி ரெண்டையும் சோத்துல நெட்டா குத்தி வெச்சாங்க. யாரும் எதுவும் சொல்லல. பேச்சுகூட நிக்கல. அந்தப் பாட்டி மட்டும் மெதுவா கையை நீட்டி அந்தக் குச்சியை எடுத்து துடைச்சு, அதுக்குன்னு இருக்கற சின்னத் தாங்கி மேல படுக்க வெச்சுட்டு அம்மா கையை ஒரு தட்டு தட்டுனாங்க. திரும்பி வர்ற ரயில்ல தம்பி விளக்குனான். செத்தவங்க தலைமாட்டுல வெக்கற சோத்துலதான் குச்சியை அப்படி நிறுத்தி வெப்பாங்க. அதே மாதிரி என் குச்சிலேருந்து உன் குச்சிக்குன்னு சாப்பாட்டை மாத்தவே கூடாது. ஏன்னா அங்க கிட்டத்தட்ட எல்லாருக்குமே எரியூட்டல்தான், எரிஞ்சதுக்கப்புறம் குடும்பத்துக்காரங்க சேர்ந்து நின்னு எலும்பைக் குச்சியால எடுத்து ஒருத்தர் குச்சிலேருந்து இன்னொருத்தர் குச்சிக்கு மாத்திக் கலயத்துல போடுவாங்க, கால்லேருந்து ஆரம்பிச்சு தலை கடைசியா, கலயத்துக்குள்ள அவங்க நேரா நிக்கணும்னு. அம்மா ரொம்ப நேரம் பேசல. அப்பா போனப்ப காடாத்து அன்னைக்கு பால் தெளிச்சு எலும்பு பொறுக்குனதும், தாமிரபரணில கரைச்சதும் எனக்கும் ஞாபகம் வந்துச்சு. "அந்தப் பாட்டிக்கு எப்படி இருந்திருக்கும், அவுக வீட்டுக்காரரு போட்டோ இருக்க வீட்டுல"ன்னு அம்மா கேட்டாங்க. மறுநாள் தம்பி மூலமா அம்மா சொல்லி அனுப்பினாங்க, எங்க ஊர்லயும் எலும்பு எடுக்கறது உண்டு, தெரியாம செஞ்சுட்டேன்னு. பாட்டிகிட்டேருந்து கையால எழுதின ஒரு கார்டு வந்துச்சு, கூட ஒரு டீ டப்பா.

அந்த டீக்கு பதிலா அம்மா உடனே முறுக்கும் சேலையும் குடுத்துவிடலாம்னு கிளம்ப தம்பி தடுத்துட்டான். அங்க வாங்குனதுல சுமார் பாதி மதிப்புக்குத் திருப்பிச் செய்வாங்க, நாம அதைவிடப் பெருசா செஞ்சா அவங்களுக்கு மறுபடி கடன் ஏறிடும். அன்பைக் குறைச்சுக் காட்டணுமான்னு அம்மாவுக்கு ஆதங்கம், எனக்கும்தான், ஆனா அவங்களுக்குப் பாரமா ஆகாம இருக்கறதும் அன்புதானே. நாலா இருக்கற பொருளையும் குடுக்காதீங்க, நாலுக்கும் சாவுக்கும் அங்க ஒரே உச்சரிப்பு.

தோக்கியோவுல அசகுசாங்கற ஏரியாவுலேருந்து நடந்து போற தூரத்துல மட்சுசியாமா ஷோதென்னு ஒரு கோயில் இருக்கு, நம்ம பிள்ளையார்தான் அங்க சாமி, அவங்க காங்கிதென்னு சொல்றாங்க. அம்மா அருகம்புல் கெடைக்காதான்னு தேடுனாங்க, அங்க முள்ளங்கிதான் படைக்கணும், கோயில் சுவத்துலகூட முள்ளங்கி செதுக்கியிருக்கு. படைச்சுட்டு, மூலஸ்தானத்துல சாமியைப் பார்க்கலாமான்னு கேட்டோம். அங்க இருந்தவர் கையை ஆட்டுனார். இப்ப சைகை புரியும், ஆனா காரணம் அம்மா மனசுல வேற மாதிரி ஓடுச்சு. நம்ம பெரிய கோயில்கள்ல கொடிமரம் தாண்டி இந்துக்கள் அல்லாதவங்க வரக்கூடாதுன்னு போர்டு இருக்கும்ல, இங்க நாம வெளியாளு, நம்ம பிள்ளையாரையே நமக்குக் காட்ட மாட்டேங்கறாங்கன்னு. வெளிய வந்து போன்ல மொழிபெயர்த்து ஒரு வயசான பக்தைகிட்ட கேட்டதுல தெரிஞ்சது, அந்தச் சிலையை யாருக்குமே காட்டறதில்ல, காலம்பூரா வர்ற அவங்களும் பார்த்ததில்ல. காங்கிதென் சிலையை மறைச்சு வெச்சுதான் கும்பிடறது. கெளம்பும்போது படைச்ச முள்ளங்கில ஒண்ணை எங்களுக்குக் குடுத்தாங்க, பிரசாதமா எல்லாருக்கும் அப்படிக் குடுக்கறாங்க. ராத்திரி அதுல சாம்பார் வெச்சோம்.

ரயில்ல போன் பேசக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா நம்ம மாதிரி பக்கத்து சீட்டுக்காரங்ககிட்ட எந்த ஊரு, எத்தனை புள்ளைங்கன்னு கேக்கறதும் அங்க கெடையாது. நம்ம பக்கத்து சீட்டு காலியாவே இருந்தா மனசு ஒடஞ்சுடாதீங்க. சில நேரம் வெளிநாட்டுக்காரங்க பக்கத்துல உக்காரத் தயங்குறது உண்மைதான், அதை இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா பாதி நேரம் இங்கிலீஷ்ல ஏதாவது கேட்டுட்டா பதில் சொல்லத் தெரியாதேங்கற பயம்தான்னு தம்பி கூட வேலை பார்க்கறவங்களே சொல்லியிருக்காங்க. எஸ்கலேட்டர்ல தோக்கியோவுல இடது பக்கம் நிப்பாங்க, ஒசாகாவுல வலது பக்கம், 2021ல சைதாமாவுல யாரும் நடக்கவே கூடாதுன்னு விதியே போட்டாங்க. முன்னாடி நிக்கறவங்களைப் பார்த்து நில்லுங்க, போதும். குப்பையை வீட்டுக்குத்தான் கொண்டுவரணும், 1995ல ரயில்ல விஷவாயு போட்டதுக்கப்புறம் நெறைய இடத்துல தொட்டியை எடுத்துட்டாங்க. கியோத்தோ கியோன் பக்கம் தனியார் சந்துகள்ல போட்டோ எடுக்காதீங்க, 10,000 யென் அபராதம்னு போர்டே இருக்கு. அங்க கிமோனோ கட்டி நடந்து போற கெய்ஷா பொண்ணுங்க வேலைக்குப் போறவங்க, அவங்களை மறிச்சு மறிச்சு எடுத்த கூட்டத்தைப் பார்த்து எனக்கு அவ்ளோ கோவம் வந்துச்சு.

வெந்நீர் ஊத்துக் குளியல் பத்தி நம்ம பொம்பளைங்க நெறைய பேரு கேக்குறாங்க. ஆமா, துணி இல்லாமதான், ஆண் பெண் தனித்தனியா. அம்மா முடியவே முடியாதுன்னுட்டாங்க, அதுல ஒரு தப்பும் இல்ல. காஷிகிரின்னு கேட்டா குடும்பத்துக்குன்னு தனியா ஒரு மணி நேரம் மாதிரி வாடகைக்குக் கெடைக்கும், பச்சை குத்தியிருக்கறவங்களுக்கும் அதுதான் வழி, நெறைய இடத்துல பச்சை இருந்தா பொதுக் குளத்துல விட மாட்டாங்க. வெளிய உக்காந்து சோப்பு போட்டுக் குளிச்சு முடிச்சுட்டுதான் தொட்டிக்குள்ள எறங்கணும். வீட்டுலயும் அப்படித்தான், ஒரே தொட்டித் தண்ணில எல்லாரும் வரிசையா உக்காருவாங்க, விருந்தாளிக்கு முதல் முறை. ஒருத்தர் எறங்குன தண்ணில இன்னொருத்தரான்னு நமக்கு எச்சில் மாதிரி தோணும், தம்பியோட சிநேகிதன் ஒருத்தன் அப்படி நெனச்சு, மரியாதைக்குன்னு குளிச்சதும் தண்ணியைத் திறந்துவிட்டு தொட்டியைக் கழுவியும் வெச்சுட்டான். அந்த வீட்டுல எல்லாருக்கும் அன்னைக்கு மறுபடி தண்ணி ரொப்பிக் காய்ச்ச வேண்டியதாப் போச்சு. விடுதில குடுக்கற யுகாதாங்கற பருத்தி அங்கியை இடது பக்கம் மேல வர்ற மாதிரிதான் கட்டணும், வலது மேல வந்தா அது பொணத்துக்குக் கட்டுற முறை. இதை மட்டும் விடுதிக்காரங்க பார்த்தா ஓடி வந்து சரி பண்ணிடுவாங்க, சிரிக்காம, வேகமா.

கடைசியா அங்க வேலைக்குப் போற பசங்களுக்கு ஒண்ணு, கல்யாண மொய். நம்ம 101, 501 வெக்கறோம்ல, அங்கயும் ரெண்டா பிரியற எண்ணுன்னா ஆகாது, கூட வேலை பார்க்கறவங்கன்னா 30,000 யென் வழக்கம், மூணு பத்தாயிரம் நோட்டு. நோட்டு புதுசா இருக்கணும், பேங்க்ல கேட்டு வாங்குங்க, துக்க வீட்டுக்குத்தான் பழைய நோட்டு, சாவை எதிர்பார்த்து எடுத்து வெச்ச மாதிரி இருக்கக்கூடாதுன்னு. இதுக்கான கவர் எந்தச் சின்னக் கடையிலயும் கெடைக்கும், ஆனா கல்யாணத்துக்கும் சாவுக்கும் பக்கத்துப் பக்கத்துலயே தொங்கும், கறுப்பு வெள்ளைக் கயிறு கட்டுனது பார்க்க கௌரவமா இருக்குன்னு நம்ம பையன் ஒருத்தன் அதைத்தான் எடுத்தான், தம்பி பார்த்துப் புடுங்கி வெச்சான். சிவப்பு வெள்ளையோ தங்கமோதான் கல்யாணத்துக்கு, அதுலயும் அவுக்க முடியாத முடிச்சா பார்த்து எடுக்கணும், பூ மாதிரி இழுத்தா அவுந்துடற முடிச்சு குழந்தை பொறந்தா குடுக்கறது, கல்யாணத்துக்கு ஆகாது. தெரியலைன்னா கடைக்காரங்ககிட்ட "கெக்கோன்"னு (கல்யாணம்னு அர்த்தம்) ஒரு வார்த்தை சொல்லுங்க, அவங்களே சரியானதை எடுத்து, பேரு எங்க எழுதணும்னு வரைக்கும் காமிச்சுக் குடுப்பாங்க.